சோப்பு ஊரின் சிப்பாய்கள்

மஞ்சள் கட்டி சன்லைட் சோப் ஞாபகம் இருக்கிறதா? அந்த சோப்புக்கு ஒரு சொந்த ஊர் உண்டு. பெயர் போர்ட் சன்லைட். இங்கிலாந்தில், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. சோப் முதலாளி வில்லியம் லீவர் 1888-ல் தன் தொழிலாளிகளுக்காகக் கட்ட ஆரம்பித்த ஊர். அதே வருஷம்தான் சன்லைட் பெட்டிகள் கல்கத்தா துறைமுகத்தில் முதன்முதலாக வந்து இறங்கின.

1914-ல் முதல் உலகப் போர் வந்ததும், ஃபேக்டரியிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். நிறையப் பேர் திரும்பி வரவில்லை. அவர்களுக்காக ஊர் நடுவே ஒரு போர் நினைவுச் சின்னம் எழுந்தது. சிற்பி வில்லியம் காஸ்கோம்ப் ஜான், கார்டிஃபில் பிறந்தவர்.

போர் நினைவுச் சின்னம் என்றால் பெரும்பாலும் ஒரு தூண், ஒரு சிலுவை, இல்லாவிட்டால் தலைகுனிந்து நிற்கும் ஒற்றைச் சிப்பாய். லட்யன்ஸ் 1920-ல் லண்டனில் கட்டிய செனட்டாஃபில் மனித உருவமே கிடையாது. அவருடைய டெல்லி இந்தியா கேட்டிலும் வளைவும் பெயர்களும்தான். வெறும் கல், அவரவர் துக்கத்தை அவரவர் அதன்மேல் சாற்றிக்கொள்ளலாம். கெட்டிக்கார ஏற்பாடு.

காஸ்கோம்ப் ஜான் நேர் எதிர். நடுவில் உயரமான கிரானைட் சிலுவை. அதன் அடியைச் சுற்றிப் பதினோரு வெண்கல உருவங்கள். துப்பாக்கியோடு சிப்பாய்கள், அவர்களை ஒட்டியே பெண்கள், குழந்தைகள். வெளியே வட்டமாகக் கைப்பிடிச் சுவர். அதில் மலர்வளையம் ஏந்திய குழந்தைகள் புடைப்புச் சிற்பமாக இருக்கிறார்கள். வட்டமாகக் கட்டியதில் ஒரு சௌகரியம்: முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் இல்லை. சுற்றி வந்துதான் பார்த்தாகவேண்டும். நாலு அடி வைத்தால் சிப்பாய் மறைந்து குழந்தை வரும்.

தலைப்பு, 'வீட்டின் பாதுகாப்பு'. எனக்கு இடிப்பது இங்கேதான். இந்த ஊர்ப் புல்தரையில் எந்த ஜெர்மன் சிப்பாயும் கால் வைக்கவில்லை. போனவர்கள் செத்தது பிரான்ஸ் சேற்றில், அம்மாவும் பிள்ளையும் பக்கத்தில் இல்லாமல். சிற்பி அவர்களை வீட்டு வாசலுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். இது ஆறுதலா, பொய்யா?

முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. கைப்பிடிச் சுவரின் புடைப்புச் சிற்பங்களில் ஒன்று, வானத்தை நோக்கிச் சுடும் விமான எதிர்ப்புப் பீரங்கி. 1915-லிருந்து ஜெப்லின்கள் இங்கிலாந்து வீடுகளின் மேல் குண்டு போட்டது நிஜம். பயம் நிஜம். ஆனால், 'உங்களுக்காகத்தான் செத்தார்கள்' என்று குழந்தைகளையே சாட்சிக்கு நிறுத்தியபிறகு, 'எதற்காகச் செத்தார்கள்?' என்று கேட்க யாருக்கு வாய் வரும்? இந்தக் கேள்வியை லட்யன்ஸின் வெறும் கல் தடுப்பதில்லை. இந்த அழகான வெண்கலம் தடுக்கிறது.

அழகு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தக் குழந்தைகளை ரசிக்காமல் இருக்க முடியாது. சங்கடமே அதுதான்.

1921 டிசம்பர் 3-ம் தேதி திறப்பு விழா. பிரபு, தளபதி யாரும் திறக்கவில்லை. போரிலிருந்து திரும்பிய தொழிலாளிகளே ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் சார்ஜென்ட் ஈம்ஸ். சோம் போரில் இரண்டு கண்ணும் போனவர்.

திரையை விலக்கினார். ஊரே பார்த்தது, அவரைத் தவிர.

சிற்பி செய்த பதினோரு பேரைவிட அந்தப் போரைப் பற்றி அதிகம் சொன்னவர், அன்றைக்கு அங்கே நின்ற இந்தப் பன்னிரண்டாவது ஆள்தான். அவரைத் தேர்ந்தெடுத்த தொழிலாளிகளுக்கு சிற்பியைவிட விஷயம் தெரிந்திருக்கிறது.