அறிவியல் நெடுஞ்சொற்களில் அசைப்பிரிப்பும் ஒலிப்பும்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தமிழுக்கும் கன்னடத்துக்கும் எழுத்துரையைப் பேச்சாக்கும் மென்பொருள்கள் உருவாக்கப்பெற்றுள்ளன. இத்தகைய பணியில் இருமொழி எழுத்துமுறைகளின் வேறுபாடு புலனாகும். கன்னடம் ஒலிப்பிலா, ஒலிப்புடை வல்லொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உடையது. தமிழிலோ வல்லெழுத்தின் ஒலிப்பை அது நிற்கும் இடமே வரையறுக்கிறது. மொழிமுதலிலும் இரட்டித்த நிலையிலும் அது ஒலிப்பிலா ஒலியாகும். மெல்லெழுத்தை அடுத்து ஒலிப்புடையதாகும். கடன்சொற்கள் இவ்வரையறைக்குள் முழுதும் அடங்குவதில்லை.

மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன் ஆகியவற்றில் மொழிபெயர்ப்பாளர் வல்லெழுத்தை இரட்டித்து ஒலிப்பிலா ஒலியைக் காத்துள்ளனர். இது தமிழ் இயல்பறிந்த உத்தியாகும். ஆயின் ஐந்து கரியணுக்கள் கொண்ட பென்டேனில் இவ்வுத்தி கைவிடப்படுகிறது. ‘ண்டு’ போல ஒலிக்கப்பெற்று, ஐந்து எனப் பொருள்தரும் கிரேக்க எண்ணுப்பெயரின் ஒலி சிதைகிறது. னகர ஒற்றின்பின் ஈரொற்று வாராது என மறுக்கலாம். எனினும் ‘ன்ட’ என்னும் மயக்கமே மரபில் இல்லாதது. அதனை ஏற்றபின் ‘பென்ட்டேன்’ என்பதை மட்டும் விலக்குதல் பொருந்தாது. ஆறு கரியணுக்கள் கொண்ட பென்சீனின் முதலொலி ஒலிப்புடையது. பென்டேனின் முதலொலி ஒலிப்பிலாதது. இவ்வேற்றுமையை இரட்டித்தலால் காட்டவியலாது. கலைச்சொல் அகராதியின் ஒலிப்புக் குறிப்பே காட்டவல்லது.

நெடுஞ்சொற்களில் சிக்கல் பிரிப்பைச் சார்ந்தது. டி.டி.டி. என்பதன் விரிவை டை-குளோரோ-டை-பினைல்-டிரை-குளோரோ-ஈத்தேன் எனப் பிரித்து எழுதின், உயிர்களை எண்ணுங்கால் பதினான்கு ஒலிக்கூறுகள் அமையும். யாப்புமுறையில் அலகிடின் பத்து அசைகளே பெறப்படும். ‘குளோ’, ‘டிரை’ ஆகியன தமிழில் உகர, இகரம் பெற்று நீண்டவை. குறிலிணைந்த நெடிலாதலின் ஒவ்வொன்றும் ஒரு நிரையசையாகி, இடைப்புகுந்த உயிரின் சுமையைக் குறைக்கின்றன. எவ்வசையும் பொருளெல்லையைக் கடப்பதில்லை.

இச்சொல்லைச் சேர்த்தெழுதினால் இந்நலன் கெடும். மொழியிடை ஐகாரம் குறுகி ‘டைபி’ நிரையசையாகும். இரண்டு என்னும் எண்ணுப்பொருள் பினைலோடு கலந்துவிடும். உடம்படுமெய் பெற்று ‘குளோரோவீத்தேன்’ என வரின் ஈத்தேன் என்னும் அடிச்சொல்லே மறையும்.

ஆகவே, நெடுஞ்சொல்லின் முதல் வருகையில் பொருளெல்லைதோறும் சிறுகோடிடுதலும், அவ்வெல்லையில் புணர்ச்சியைத் தவிர்த்தலும் வேண்டப்படுவன. வேதியியற் பெயர் எண்ணிக்கையைச் சொல்வது; அதனைப் பிழைபட ஒலிப்பவர் பொருளையே மாற்றிக் கூறியவராவார். பிரித்தெழுதுதல் தொடக்கநிலை மாணவர்க்குரிய எளிமை மட்டுமன்று, மொழிபெயர்ப்பின் துல்லியத்தைச் சார்ந்ததுமாகும்.