மேடைக்குக் கூப்பிட்ட பையன்

எனக்கு அப்போது 10 வயது. கிள்ளானில் ஒரு தீபாவளி கலைநிகழ்ச்சி. மேஜிக் செய்ய வந்தவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். "வெளிச்சத்துக்கு வாப்பா, பல்லு மட்டும்தான் தெரியுது" என்றார். கூட்டம் சிரித்தது. அப்புறம் என் காதிலிருந்து 50 காசு எடுத்தார். அது எப்படி வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. அந்தச் சிரிப்பு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் அதே ஜோக்கை இன்னொரு பையன்மேல் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏமாற்றப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏமாற்றுகிறவர் மேஜிக் கலைஞர். நாமும் சம்மதித்துத்தான் உட்காருகிறோம். அந்தச் சம்மதம் எதுவரை செல்லும் என்பதுதான் கேள்வி.

1956 ஏப்ரல் 9. பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சியில் வங்காளக் கலைஞர் பி.சி. சர்க்கார், தன் 17 வயது உதவியாளர் தீப்தி தேயை மின்ரம்பத்தால் இரண்டாக 'அறுத்தார்'. பிறகு கையைத் தேய்த்து எழுப்பப் பார்த்தார். அசைவில்லை. தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி குறுக்கே வந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார். அந்தப் பெண் செத்துவிட்டாள் என்று பயந்த மக்கள் பிபிசிக்குப் போன் மேல் போன் அடித்தார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்றது பிபிசி. மறுநாள் பத்திரிகைகளில் முதல் பக்கச் செய்தி. லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் சர்க்காரின் காட்சிக்கு டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன.

விளம்பரத் தந்திரம்தான். மக்களைப் பயத்தோடு தூங்கப்போக விட்டது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அன்றைக்கு எல்லாரும் சமமாக ஏமாந்தார்கள். பார்க்க வந்த ஒருத்தரைத் தனியாக நிறுத்தி, மற்றவர்களைச் சிரிக்க வைக்கவில்லை.

அமெரிக்காவின் பென், டெல்லர் ஜோடி வேறு வழியில் போனார்கள். கிண்ணமும் பந்தும் வித்தையை உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் கிண்ணங்களில் செய்தார்கள். எல்லாம் தெரிந்தும் அந்தக் கை வேகத்திடம் கண் தோற்றுப்போகிறது. பார்க்கிறவரை முட்டாளாக நினைக்காத மரியாதை அது.

நம் ஊர்க் கலைஞர்கள், "சும்மா ஜோக்குதானே தம்பி" என்பார்கள். சும்மா இல்லை. சிரிக்கிறபோது கவனம் சிதறும், அந்த நொடியில் காசு கைமாறும். சிரிப்பு வித்தைக்குத் தேவைதான். அதற்குத் தன் தொப்பியைக் கிண்டல் செய்யலாம், தன் தொப்பையையும் செய்யலாம். நம்பி மேடையேறிய பிள்ளையின் தோல் நிறம் எதற்கு? ஏமாற்றத்தான் அனுமதி கொடுத்தோம், அவமானப்படுத்த இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் பையன் கீழே இறங்கியபோது கையிலிருந்த காசைப் பார்க்கவில்லை. சிரித்த எங்களைத்தான் பார்த்தான்.