வானூரின் நீர்க் கணக்கு: வரவு துல்லியம், செலவு உத்தேசம்

விழுப்புரம் மாவட்டத்து வானூரின் மழையளவுப் பதிவில் குறை சொல்ல அதிகமில்லை. காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை என்ற ஒழுங்கு தலைமுறைகளாக மாறாமல் நிற்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, வானூருக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை பதிவானது. அந்த எண்ணை நம்பலாம். அந்த நீர் எங்கே போனது என்று கேட்டால்தான் ஏடு தடுமாறுகிறது.

ஏரி நிலவரப் பட்டியல் விழுக்காட்டுப் படிகளில் தயாராகிறது. வெள்ள எச்சரிக்கைக்கு அது போதும். ஆனால் நிரம்பிய ஏரி மூன்று நாள் வழிந்தாலும் மூன்று வாரம் வழிந்தாலும் பட்டியலில் 100 தான். கலங்கல் தாண்டி ஏரிக்கு ஏரி இறங்கி, முடிவில் கழுவெளிச் சதுப்பேரியைச் சேரும் நீர் கணக்கில் ஏறுவதே இல்லை.

நிலத்தடியில் சிக்கல் நுட்பமானது. கிரெட்டேசியஸ் காலத்து வானூர் மணற்கல் மேற்கே தரையில் தலைகாட்டி, கடல் நோக்கிச் சாய்ந்து, சுண்ணாம்புக்கல், களிமண் அடுக்குகளுக்கும் கடலூர் மணற்கல்லுக்கும் அடியில் புகுகிறது. திறந்த கிணற்றின் மட்டம் மேலடுக்கைச் சொல்லும். ஆழ்துளைக் கிணறு உறிஞ்சும் கீழடுக்கைச் சொல்லாது. 1995-இல் தொடங்கிய நீரியல் திட்டம் அடுக்கின் நீர்மட்டத்தைத் தனியே காட்டும் பைசோமீட்டர் குழாய்களைப் பரவலாக்கியது மெய்யான முன்னேற்றம். ஆனால் நிலத்தடி நீர் மதிப்பீட்டின் அலகு இன்றும் குறுவட்டம்: வருவாய்த் துறை போட்ட கோடு. பாறை அடுக்கோ புதுச்சேரி எல்லையையும் தாண்டிப் போகிறது. இரு அரசுகள் அதைத் தனித்தனியே அளக்கின்றன.

எடுப்புக் கணக்கு இன்னும் பலவீனம். விவசாய பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம், பெரும்பாலும் மீட்டர் கிடையாது. ஆகவே கிணறுகளின் எண்ணிக்கையை ஓர் உத்தேச அளவால் பெருக்குகிறார்கள். அதை எடுக்கத்தக்க நீரோடு ஒப்பிட்டு வரும் விழுக்காடு 90-ஐத் தாண்டினால் ‘அபாயகரம்’, 100-ஐத் தாண்டினால் ‘அதிநுகர்வு’. 89-க்கும் 91-க்கும் நடுவே கோடு கிழிக்கும் வலு அந்த உத்தேசத்துக்கு ஏது?

அளவு போக, தரத்தின் கணக்கும் உண்டு. மரக்காணம் உப்பளத்தில் உப்புநீரின் அடர்த்தி காட்டும் பாமே மானியை நீரில் மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள்; 25-ஐ நெருங்கினால்தான் உப்பு பூக்கும். அது அன்றாட வேலை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் வழக்கமான சுற்றிலோ மட்டம் ஆண்டுக்கு நான்கு முறை, தரம் பெரும்பாலும் பருவமழைக்கு முன் ஒரே முறை. கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவும் கரையில் இந்த விகிதம் தலைகீழ். உப்பு விற்பவருக்கு இருக்கும் அவசரம் குடிநீர் தருபவருக்கு இல்லையோ என்னவோ.

ஆரோவில்லின் ‘வாட்டர் ஹார்வெஸ்ட்’ குழு 1990-களின் பிற்பகுதியில் கழுவெளிப் படுகையை ஒரே அலகாக எடுத்து, ஏரியையும் நிலத்தடியையும் சேர்த்துப் பார்த்தது. முறையியலில் அதுவே சரியான வழி. திட்ட நிதியை நம்பிய பதிவுக்குத் தொடர்ச்சி உறுதியில்லை என்பது அவ்வழியின் குறை. அரசுப் பதிவுக்குத் தொடர்ச்சி உண்டு, இணைப்பு இல்லை.

தனித்தனி அளவீடுகளாக இவை தேறும், ஒரு நீர்ச்சமன்பாடாகத் தேறாது. அடுத்த நிதி இன்னொரு தானியங்கி மழைமானிக்குப் போகக் கூடாது. கலங்கல் சுவரில் அளவுகோல் பதித்து வழியும் நீரின் உயரத்தைக் குறித்தால், சுவரின் நீளத்தோடு சேர்த்து வினாடிக்கு எத்தனை கன அடி வழிகிறது என்று கணக்கிட்டுவிடலாம். கடலோரக் கிணறுகளில் மாதந்தோறும் மின்கடத்துதிறன் பார்க்கவும் பெரிய செலவாகாது. பம்புசெட்டுக்கு மீட்டர் என்பது அரசியல்; இவ்விரண்டும் அப்படியல்ல.