உசாத்துணையும் இஸ்னாதும்

விழா மலர்களையும் மாணவர் ஆய்வுத் தொகுப்புகளையும் கையில் எடுத்தால் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்ப்பது எனது பழக்கம். உசாத்துணைப் பட்டியல் அங்கேதான் இருக்கும். "சோறு வருமுன் குசினியை எட்டிப் பார்க்கிற ஆள்" என்று சக ஆசிரியர் ஒருவர் கேலி செய்வார். இருக்கட்டும்.

அண்மையில் உயர்தர வகுப்பு மாணவரின் ஒப்படைகளைத் திருத்தினேன். தலைப்பு, இலங்கையில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம். ஒரு மாணவியின் பட்டியலில் வடிவக் குறை எதுவுமில்லை. ஆசிரியர் பெயர், அடைப்புக்குறிக்குள் ஆண்டு, சாய்வெழுத்தில் நூற்பெயர், வெளியீட்டாளர் எல்லாம் ஒழுங்கு. முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டு பற்றிப் பேராசிரியர் உவைஸ் எழுதி, 1953இல் கல்ஹின்னைத் தமிழ் மன்றம் வெளியிட்ட நூலும் அதில் இருந்தது. அதைக் கண்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது.

"இந்தக் கிதாபு எங்க மகள் கிடைச்சிச்சி?"

"ஒரு மலர்ல வந்த கட்டுரையில போட்டிருந்திச்சி சேர்."

"புத்தகம் தமிழா, இங்கிலீசா?"

"தமிழ்தானே சேர்."

அந்த நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பிள்ளையிடம் நான் குறை காணவில்லை. அவள் சொன்ன மலரைத் தேடி வாசித்தேன். கட்டுரையாளர் நமது வட்டாரத்தில் மதிக்கப்படுபவர். அவரும் தலைப்பைத் தமிழில் மட்டும் எழுதி 1953 என்று போட்டிருந்தார். பக்க எண் ஓரிடத்திலும் இல்லை. அவர் எங்கிருந்து எடுத்தாரோ!

ஹதீஸ் கலையில் இதற்குப் பெயரே உண்டு: தத்லீஸ். ஒருவரிடமிருந்து நேரே கேட்காத செய்தியை, இடையில் நின்றவரை மறைத்து, நேரே கேட்டது போன்ற தோற்றத்தில் அறிவிப்பது. செய்தி உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் இவ்வழக்கமுள்ளவர் "இன்னாரிடமிருந்து" என்று மொட்டையாகச் சொன்னால் இமாம்கள் ஏற்கத் தயங்கினர். "கேட்டேன்" என்று அவர் தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. அறிவிப்பாளர் வரிசையை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த சமூகத்தில் பிறந்த நாம், இலக்கியம் என்று வந்ததும் இடையில் நின்றவரைக் கூசாமல் விழுங்கிவிடுகிறோம். "உவைஸ், 1953; மேற்கோள்: இன்னாரின் கட்டுரை, இன்ன மலர், இன்ன பக்கம்" என்று எழுத ஒரு வரி போதும். எழுதினால் மூலத்தைப் பார்க்கவில்லை என்பது வெளியே தெரிந்துவிடும். தடை அதுதான்.

பெயர்களின் கதை வேறு. குடும்பப் பெயரை முன்னே போடு என்கிறது மேல்நாட்டு முறை. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே இல்லை. முன்னெழுத்துகளும் சொந்தப் பெயரும்தான். "நுஃமான், எம். ஏ." என்று எழுதினால் பாதகமில்லை. ஆனால் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எண்ணும் கணினிச் செயலியிடம் விட்டால், 'அசன்பேயுடைய கதை' தந்த சித்திலெப்பையும், இக்பாலைத் தமிழாக்கிய அப்துல் காதர் லெப்பையும் "லெப்பை" என்ற ஒரே தலைப்பின் கீழ் ஒரு வீட்டாராகிவிடுகிறார்கள். மறுபக்கம், எம். எம். உவைஸ், ம. மு. உவைஸ், ம. முகம்மது உவைஸ் என்று ஒருவரே மூவராகிறார். ஒரு வடிவத்தைத் தெரிந்து அதையே கடைசிவரை எழுதுங்கள் என்றுதான் நான் மாணவருக்குச் சொல்வது.

ஹதீஸ் இலக்கத்தையாவது கவனமாகப் போடுகிறோமா என்றால் அதுவுமில்லை. ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து ஈமான், இஸ்லாம், இஹ்ஸான் பற்றிக் கேட்ட ஹதீஸ், ஸஹீஹ் முஸ்லிமில் புஆத் அப்துல் பாக்கியின் இலக்கப்படி 8; அப்துல் ஹமீத் சித்தீக்கியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 1. பதிப்பைச் சொல்லாமல் வெறும் இலக்கத்தைப் போட்டால் வாசகன் வேறொரு ஹதீஸின் முன்னே போய் நிற்பான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்று கேட்டவுடன் பட்டியல் தருகின்றன. இன்னொரு மாணவனின் ஒப்படையில், உவைஸ் எழுதவே எழுதாத நூலொன்று பக்க எண்ணோடு இருந்தது. இது தத்லீஸ் அல்ல, மவ்ழூஃ, வெறும் இட்டுக்கட்டு.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. 1990 ஒக்டோபரில் யாழ். நகர முஸ்லிம்களுக்கு வெளியேறக் கிடைத்த அவகாசம் 2 மணித்தியாலம். அந்த நேரத்தில் அலுமாரியிலிருந்த சஞ்சிகைகளை யார் தூக்கி வந்திருப்பார்? அப்படிப் போன இதழொன்றில் வந்த கதைக்கு, யாரோ ஒருவர் தன் கண்ணால் கண்டு அடிக்குறிப்பில் எழுதிய ஆண்டும் இதழும் பக்கமுமே சிலவேளை எஞ்சிய சாட்சி. அவர் காணாமலே எழுதியிருந்தால்? நூலகம் நிறுவனம் 2005 முதல் பழைய நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றிவருவது பெரும் உதவி. அங்கு வாசித்தாலும் முகவரியை மட்டும் ஒட்டிவிடாமல் இதழின் சொந்த விபரங்களை எழுத வேண்டும்.

மாணவி பட்டியலைத் திருத்திக்கொண்டு வந்தாள். பதினான்கு இருந்த இடத்தில் ஐந்து. உவைஸின் பெயர் மலர்க் கட்டுரைக்குள் போய்விட்டது. எமக்குத் தரப்பட்ட புள்ளித்திட்டப்படி உசாத்துணை எட்டுக்குக் குறைந்தால் இரண்டு புள்ளி வெட்ட வேண்டும். நான் வெட்டவில்லை.