பதனிடாத தோலின் குரல்

பதனிட்ட தோலுக்குக் குரல் கிடையாது. ஆம்பூர், பேரணாம்பட்டு டேனரிகளில் குரோமில் ஊறி வெளிவரும் தோல் மெத்தென்று மடங்கும், மழைக்கும் அழுகாது, ஷூவாகிக் கப்பலேறும். தட்டினால் மட்டும் ஒலிக்காது. பறைக்கும் மிருதங்கத்துக்கும் வேண்டியது பதனிடாத தோல். அது ஈரக்காற்றில் தொய்யும், சூட்டில் விறைக்கும். அந்த நிலையின்மையில்தான் நாதம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடுகிற, விடிந்தால் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கிற ஒடுகத்தூரில் இருந்துகொண்டு அண்மையில் மூன்று ஆல்பங்களைக் கேட்டபோது இதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். இவற்றில் தோல்கருவி பேசுகிறதா, அல்லது ஸ்டூடியோ அதையும் பதனிட்டுவிட்டதா?

மேளத்தை மட்டும் வைத்து ஆல்பத்தை எடைபோடலாமா என்று கேட்கலாம். எல்லா இசைக்கும் இது பொருந்தாதுதான். இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' (1986) ஆல்பத்தை இப்படி அளந்தால் அது அநியாயம்; அங்கே வி.எஸ். நரசிம்மனின் வயலின்தான் நாயகன். ஆனால் இந்த மூன்றும் தாளத்தை முன்னே நிறுத்துபவை. தாளத்தை வைத்தே அவற்றைக் கேள்வி கேட்கலாம்.

முதலாவது, ஷக்தி குழுவின் 'திஸ் மொமண்ட்' (2023). 1977க்குப் பிறகு அந்தக் குழு ஸ்டூடியோவில் உருவாக்கிய முதல் ஆல்பம். 2024இல் கிராமி பெற்றது. ஜான் மெக்லாஃப்லினின் கிடார் சில இடங்களில் வழவழப்பாகிப் போகிறது. எத்தனை முறை கேட்டாலும் பிடி கிடைக்காத வழவழப்பு அது. ஜாகிர் உசேனின் தபலாவும் வி. செல்வகணேஷின் கஞ்சிராவும் பேசத் தொடங்கியதும் அந்தக் குறை மறந்துபோகிறது. கஞ்சிரா ஏறக்குறைய ஒரு சாண் அகலச் சட்டம். ஒரு பக்கம் மட்டும் தோல். பழைய வழக்கத்தில் அது உடும்புத் தோல். வனவிலங்குச் சட்டம் வந்தபின் ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் அந்த இடத்தைப் பிடித்தன. உள்பக்கம் தண்ணீர் தெளித்துத் தோலைத் தொய்யவிட்டு, ஒரு கையின் விரல்களால் அழுத்திக்கொண்டே மறுகையால் அடித்தால் ஒலி வழுக்கிச் செல்லும். செல்வகணேஷின் விரலில் அந்தச் சறுக்கல் ஒரு வாக்கியத்தின் ஏற்ற இறக்கம்போல விழுகிறது. பாட்டு ஓய்ந்த இடத்திலும் மேளத்துக்குச் சொல்ல ஏதோ பாக்கி இருக்கிறது.

இரண்டாவது, தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் 'மகிழ்ச்சி' (2018). பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு; பெயர் அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து வந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியது. கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். சாவு வீட்டோடு நிறுத்தப்பட்ட பறையும் சட்டியும் கட்ட மோளமும் கிடாருக்குப் பக்கத்தில். எங்கள் பக்கத்து ஆளுக்கு இது சாதாரண விஷயமல்ல. மனம் சாய்வது இந்த ஆல்பத்தின் பக்கம்தான். காது மட்டும் ஒத்துக்கொள்ள மறுக்கிறது. மேடையில் அடிவயிற்றைப் பிடித்து உலுக்கும் மேளம், பதிவில் டிரம்ஸுக்கும் பேஸுக்கும் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. சிம்புக்குச்சியின் சுரீர் அடி கேட்கிறது. அடிக்குச்சியின் கனம் கரைந்துபோகிறது. வரி முடிந்ததும் அடுத்த வரி வந்துவிடுகிறது. மேளம் ஆமோதிக்கிறதே தவிர, தானாக வாய் திறப்பதில்லை.

மூன்றாவது, அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்த 'தெருக்குரல்' (2019). அறிவு அரக்கோணத்துக்காரர், பழைய வேலூர் மாவட்டக்காரர் என்று நாங்களும் சொந்தம் கொண்டாடலாம். இங்கே தாளத்தைக் கட்டுவது ஆஃப்ரோவின் கணினி. அப்படியானால் என் அளவுகோலில் இது தோற்க வேண்டும். தோற்கவில்லை. 'ஆன்டி இண்டியன்' பாடலில் வல்லின எழுத்துகளை அடுக்கி அறிவு இறங்கும்போது நாக்கே குச்சியாகிவிடுகிறது. மூச்சு எடுக்கும் இடம்கூடத் தாளத்துக்குள் அடங்குகிறது. தோல் இல்லாத குறையைக் குரல் ஈடுகட்டுகிறது. ஆனால் கோபத்தின் சுருதி ஒன்றேயாக இருப்பதால் ஒரே மூச்சில் கேட்கும்போது காது சோர்ந்துவிடுகிறது.

என் வரிசை இது: 'திஸ் மொமண்ட்' முதலிடம், 'தெருக்குரல்' அடுத்தது, 'மகிழ்ச்சி' மூன்றாவது. இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தபலாவும் கஞ்சிராவும் மரியாதை பெற்ற மேடையில் பிறந்தவை, அவை சொல்லில்லாமல் பேசலாம். பறைக்கு முதலில் தன் மீதான இழிவைத் துடைக்க வேண்டியிருக்கிறது, அதற்குச் சொல் வேண்டும் என்பார்கள். பாதி உண்மை. மிருதங்கத்திலும் மாட்டுத் தோல்தான் இருக்கிறது. அதைச் செய்யும் கைகள் பெரும்பாலும் தலித் கைகள் என்பதை டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) விரிவாகப் பதிவுசெய்திருக்கிறது. செய்தவருக்குக் கிடைக்காத மரியாதை கருவிக்கு மட்டும் கிடைத்ததில் தனி ஆவர்த்தனத்துக்கும் பங்குண்டு. பாடகர் வாய் மூடிக் காத்திருக்க, சபை முழுக்கத் தோலின் பேச்சைக் கேட்கும் நேரம் அது.

அந்த நேரத்தைப் பறைக்கு யாரும் கடன் கொடுக்க வேண்டியதில்லை. சாவு ஊர்வலத்தில் ஒரு சொல்லும் இல்லாமல் தெருவையே ஆட்டிவைக்கும் கருவி அது. பறைக்காக வாதாடும் ஆல்பமே பறையை நம்பி ஐந்து நிமிடம் வாய் மூடியிருக்கவில்லை என்பதுதான் 'மகிழ்ச்சி' மீது எனக்குள்ள புகார். அடுத்த ஆல்பத்தில் ஒரு பாட்டைக் குறைத்து அந்த இடத்தைப் பறைக்கே விடட்டும். அப்போது இந்த வரிசையை நானே மாற்றி எழுதுவேன்.