பயணியின் பெயரில் ஓர் அங்காடி

1

பயணம் என்ற சொல் எல்லோருக்கும் பொதுவானது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். திருச்சியிலிருந்து துபாய் போகிற விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்து போகிறார்கள். ஒருவர் சுற்றுலாப் பயணி, இன்னொருவர் கூலித் தொழிலாளி. முன்னவர் திரும்பி வந்து பயணக் கட்டுரை எழுதுவார். பின்னவர் திரும்பி வந்து கடன் அடைப்பார். இருவரும் கடந்த தூரம் ஒன்றுதான். ஆனால் ஒன்று 'பயணம்' என்றும் மற்றது 'பிழைப்பு' என்றும் பதிவாகிறது. இந்தப் பாகுபாட்டை உற்பத்தி செய்கிற சொல்லாடல் எது, அது எந்தெந்த வெளிகளில் செயல்படுகிறது என்ற கேள்வியோடு துபாயின் இப்னு பதூதா பேரங்காடியை வாசித்துப் பார்க்கிறது இக்கட்டுரை. காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு சாத்துகிற வரை, ஒரு டூரிஸ்ட்டாக, எதையும் வாங்காமல் அதற்குள் சுற்றியதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

பேரங்காடி என்றாலே நம் சூழலில் இரண்டு வாசிப்புகள் தயாராக உள்ளன. முதலாவது ஒழுக்கவாத வாசிப்பு. நுகர்வு வெறி, பண்ட மோகம், உலகமயம் என்று நாலு சொல்லை உருட்டிவிட்டுக் கடைசியில் எளிமையின் பெருமையில் போய் முடியும். காந்தியவாதியும் மரபான இடதுசாரியும் தமிழ்ப் பண்பாட்டுக் காவலரும் சண்டையில்லாமல் சேர்ந்து நிற்கிற இடம் இது. இரண்டாவது கொண்டாட்ட வாசிப்பு. எல்லாமே பிம்பம், எல்லாமே விளையாட்டு, வாங்குகிறவர் அர்த்தங்களைக் கலைத்துப் போடுகிறார் என்று சொல்லும் அரைகுறைப் பின்நவீனத்துவம். இரண்டுக்கும் ஆகாது என்பதாகத் தோன்றினாலும் ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன. இரண்டின் கண்ணும் வாடிக்கையாளர் மேல்தான். தரையைத் துடைக்கிறவர் இரண்டிலும் கிடையாது.

2

பாரிஸ் நகரின் கண்ணாடிக் கூரையிட்ட கடைத்தெருக்கள் பற்றி வால்ட்டர் பெஞ்சமின் 1927இல் தொடங்கி 1940இல் இறக்கும் வரை குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். முடிக்கப்படாத அந்தப் பெரும் பணியில் திரும்பத் திரும்ப வருகிற உருவம், அவசரமின்றி வேடிக்கை பார்த்தபடி உலாவுகிறவன். முழுக்க மூடப்பட்டு, தட்பவெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட முதல் பேரங்காடி எனச் சொல்லப்படும் சவுத்டேல், 1956இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த விக்டர் குரூயன் நாஜிகளுக்குத் தப்பி 1938இல் வியன்னாவிலிருந்து ஓடிவந்த யூதர். காருக்குள் அடைபட்டுக் கிடந்த அமெரிக்கப் புறநகருக்கு, ஜனங்கள் கால்நடையாகக் கூடுகிற ஒரு நகர மையத்தைத் தர நினைத்தார். வளர்ந்ததோ வேறு. தன் பெயரால் பெருகிய பேரங்காடிகளைப் பிற்காலத்தில் அவரே கைகழுவினார். ஊரைவிட்டு ஓடிவந்த ஒருவரின் ஊர் ஞாபகம் இந்தக் கட்டட வடிவத்தின் அடியில் கிடக்கிறது என்பதை நாம் மனதில் கொள்ள வேண்டும்.

இப்னு பதூதா பேரங்காடி 2005இல் திறக்கப்பட்டது. நக்கீல் நிறுவனம் கட்டியது. ஜெபல் அலி பக்கம், மெட்ரோ ரயிலில் இறங்கி நடந்தே உள்ளே போய்விடலாம். 1304இல் தாஞ்சியரில் பிறந்து, 1325இல் இருபத்தொரு வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பிய மொராக்கோ நாட்டுப் பயணியின் பெயர் அதற்கு. அவர் பார்த்த தேசங்களின் பெயரில் ஆறு மண்டபங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தலூசியா, துனீசியா, எகிப்து, பாரசீகம், இந்தியா, சீனா. அந்தலூசியாவில் கிரனடா அரண்மனைச் சிங்க நீரூற்றின் நகலும், பறக்க முயன்ற இப்னு பிர்னாஸின் உருவமும். பாரசீகத்தில் வண்ணம் தீட்டிய பிரம்மாண்டமான கவிமாடம், அதன் கீழே ஓர் அமெரிக்கக் காப்பிக்கடை. சீனாவில் முழு அளவில் ஒரு பாய்மரக் கப்பல். இப்னு பதூதா முப்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக அலைந்த உலகத்தை ஒரு மத்தியானத்துக்குள் நடந்து முடித்துவிடலாம். துனீசியாவிலிருந்து எகிப்துக்குப் போக யாரும் முத்திரை குத்துவதில்லை. வெயில் இல்லை, மழை இல்லை, இரவும் இல்லை.

இந்தியா மண்டபத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தாஜ் மஹாலை நினைவூட்டும் மொகலாயபாணி மண்டபம். இப்னு பதூதா சிந்து நதியைத் தாண்டியது 1333இல். மொகலாயர் ஆட்சி தொடங்கியது 1526இல். தாஜ் மஹால் கட்டத் தொடங்கியது 1632 வாக்கில். அதாவது, அவர் பார்த்ததற்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பிந்தைய இந்தியாவுக்குள் அவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நடுவில் யானைக் கடிகாரம் ஒன்று. அது 1206இல் தியார்பக்கிர் அரசவையில் இருந்த அல் ஜஸரி தன் நூலில் விவரித்த எந்திரத்தின் நகல். யானை உருவம் இருப்பதால் இந்தியாவுக்கு வந்துவிட்டது.

இதை வரலாற்றுப் பிழை என்று சுட்டிக்காட்டிவிட்டு வாத்தியார் மாதிரி நகர்ந்துவிடுவதில் பயனில்லை. இங்கே காலம் சுவரலங்காரமாக மாற்றப்பட்டிருக்கிறது. சுற்றுலாப் பயணி ஏற்கெனவே அறிந்த இந்தியா எதுவோ அதுவே அவருக்குத் திருப்பிக் காட்டப்படுகிறது. தெரியாத ஒன்றைச் சந்திப்பதுதான் பயணம் என்றால், அந்தச் சந்திப்பு நடக்காமல் பார்த்துக்கொள்வதே இந்த வெளியின் வேலை. சீன மண்டபத்தின் கப்பலையே எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் 1979இல் திறக்கப்பட்ட ஜெபல் அலி துறைமுகம் இருக்கிறது. உண்மையான சரக்குகள் உண்மையான கப்பல்களில் வந்து அங்கே இறங்குகின்றன. டூரிஸ்ட் பார்ப்பது தண்ணீரைக் கடக்காத கப்பலை.

3

அப்படியானால் இப்னு பதூதா நம்ம ஆள், அவரை முதலாளியம் களவாடிவிட்டது என்று முடித்துவிடலாமா? முடியாது. அவருடைய பயண நூல் 1355இல் எழுதி முடிக்கப்பட்டது. அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸைய் எழுதினார். அதில் மதுரை வருகிறது. தில்லியில் முகம்மது பின் துக்ளக்கிடம் காஜியாக இருந்து, சீனத்துக்குத் தூதனாக அனுப்பப்பட்டு, கோழிக்கோட்டில் கப்பலைப் புயலுக்குப் பறிகொடுத்து, மாலத்தீவிலும் இலங்கையிலும் இருந்துவிட்டு, 1340களில் மாபார் கரையில் வந்து ஒதுங்கினார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுதீன் தாமகானி அவருக்குச் சகலை. இருவரும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள்.

அந்தச் சகலை சிறைப்பட்டவர்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் கொன்றதை அவர் அருவருப்போடு எழுதுகிறார். பிறகு மதுரையில் கொள்ளைநோய் பரவிக் கிடந்ததைச் சொல்கிறார். அங்கே ஓர் அடிமைப் பெண்ணை விலைக்கு வாங்குகிறார். நல்ல ஆரோக்கியம் என்று உறுதி சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். மறுநாள் அவள் இறந்துபோகிறாள். இந்தச் சேதி நூலில் வந்த வேகத்தில் போய்விடுகிறது. அவள் பெயர் இல்லை, ஊர் இல்லை. சரக்கு கெட்டுப்போனது என்கிற தொனிதான் மிஞ்சுகிறது. சுல்தானின் கொடுமையைக் காண முடிந்த கண்ணுக்குத் தன் கையிலிருந்த விலைச்சீட்டு தெரியவில்லை.

எனவே பேரங்காடி அழித்தது எதை என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும். இப்னு பதூதாவின் பயணத்தில் காய்ச்சல் இருந்தது, கொள்ளைநோய் இருந்தது. மாபாரிலிருந்து திரும்பும்போது கடற்கொள்ளையர் மடக்கி உடுத்தியிருந்த கால்சட்டை தவிர எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். மனிதரை மனிதர் விலை பேசும் சந்தை இருந்தது. அதில் அவரும் ஒரு வாடிக்கையாளர். இவ்வளவையும் கழித்துவிட்டு அவர் பெயரை மட்டும் வாசலில் எழுதிவைத்தால், பண்டங்கள் தாமாகவே தேசம் தேசமாக நடந்து வந்து அலமாரியில் ஏறிக்கொண்டன என்று நம்ப வசதியாகிறது. பண்டத்தில் உறைந்த உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போவதை மார்க்ஸ் பண்ட வழிபாடு என்றார். இங்கே பயணமே பண்டமாகி, அதில் உறைந்த உழைப்பு தெரியாமல் போகிறது.

4

வளைகுடாவில் இந்த உழைப்பின் கணக்கு என்ன? அமீரகத்தில் வசிப்போரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். தொழிற்சங்கம் வைக்க உரிமை கிடையாது. 2006 மார்ச்சில், பின்னர் புர்ஜ் கலீஃபா எனப் பெயர் மாறிய கோபுரத்தின் கட்டுமானத் தளத்தில் சுமார் 2,500 தொழிலாளர்கள் கூலிக்காகவும் நடத்தப்படும் விதத்துக்காகவும் கொதித்தெழுந்தது உலகச் செய்தியானது. பேரங்காடி திறந்த அதே 2005இல்தான் கோடைக்கால மதிய வேலைத் தடையும் வந்தது. இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. வெயில் மனித உடலை என்ன செய்யும் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இரண்டரை மணி நேரத்தில் பேரங்காடிக்குள் டூரிஸ்ட்டுக்குக் குளிர்கிறது.

சீனா மண்டபத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டுப் பக்கத்தில் வந்தார். தொண்டிப் பக்கம். "பாக்க வந்தீங்களாண்ணே, வாங்க வந்தீங்களா?" என்றார். பார்க்கத்தான் என்றேன். "நானும் ஆறு வருசமாப் பாத்துக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்" என்று சிரித்தார். லீவு நாளில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து அந்தக் கப்பல் முன்னால் நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவாராம். "தங்கச்சி பாத்துட்டு, அண்ணன் ஜாலியா இருக்குன்னு சொல்லுது. சரி, சொல்லிட்டுப் போகுது."

அந்தப் போட்டோவில் அவர் ஒரு டூரிஸ்ட். வாரத்தில் ஆறு நாள் துடைக்கிற தரைமேல் ஏழாம் நாள் நின்று பயணி ஆகிறார். இதைப் பொய்ப் பிரக்ஞை என்று ஒழுக்கவாதி ஒதுக்கிவிடுவார். முகாமின் அடுக்குக் கட்டிலில் கிடப்பதைவிடக் குளிரில் நாலு மணி நேரம் நடப்பது அவருக்குப் பிடித்திருக்கிறது என்பதில் ஒதுக்க என்ன இருக்கிறது? அதே நேரத்தில் இதை எதிர்ப்பு என்று கொண்டாடுவதும் அபத்தம். அந்தப் போட்டோ கடனையும் வெயிலையும் வீட்டாரிடமிருந்து மறைக்கிறது. பேரங்காடி செய்கிற அதே கழித்தலை அவரும் தங்கைக்காகச் செய்கிறார். அன்பினால் செய்கிறார் என்பது வேறுபாடு. அது சின்ன வேறுபாடல்ல.

பயணியா கூலியா என்ற பிரிவினை துபாயில் தொடங்குவதுமில்லை. நம் அரசின் கையில் தொடங்குகிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தை ஒட்டி உருவான ஏற்பாட்டில், பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் இசிஆர் வகையைச் சேர்ந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனால் அரசின் அனுமதி வேண்டும். சுற்றிப் பார்க்கப் போனால் வேண்டாம். ஏஜென்டுகளிடமிருந்து பாதுகாக்க வந்த விதி இது. விளைவு, விசிட் விசாவில் போய் அங்கே வேலை தேடுகிற வழக்கம் பெருகியது. படிப்பில்லாத ஏழை காகிதத்தில் டூரிஸ்ட்டாகித்தான் கூலியாக முடிகிறது. விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி ஒருவரைப் புன்னகையோடும் இன்னொருவரைக் குறுக்கு விசாரணையோடும் அனுப்புவது எதை வைத்து? உடை, நிறம், கையிலிருக்கும் பையின் தரம், ஆங்கிலம். இங்கு சாதியும் வர்க்கமும் மதமும் பயண ஆவணமாகச் செயல்படுகின்றன.

5

தமிழில் பயண இலக்கியம் பெரும்பாலும் முதல் பயணியின் கையில்தான் இருந்துவந்திருக்கிறது. வெகுஜனப் பத்திரிகைப் பயணத் தொடர்களைப் புரட்டினால், வெளிநாட்டுத் தரையில் முகம் பார்க்கலாம் என்ற வியப்பு தவறாமல் வரும். அந்தத் தரையைத் துடைத்தது யார் என்ற கேள்வி வராது. மலையாளத்தில் பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' 2008இல் வந்தது. தமிழில் மீரான் மைதீனின் 'அஜ்னபி' இருக்கிறது. லட்சக்கணக்கில் வளைகுடா போய்வந்த ஒரு சமூகத்துக்கு இது போதாது.

போய்வந்தவர்களுக்குச் சொல் இல்லாமல் இல்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் 'சபராளி' என்ற சொல் தலைமுறைகளாகப் புழங்குகிறது. பயணம் என்ற பொருள்படும் 'சபர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. சம்பாதிக்கப் போகிறவரையே பயணி என்று அழைக்கிற சொல் அது. நம் பண்டிதத் தமிழ் செய்த பாகுபாட்டை அந்த மக்களின் பேச்சு செய்யவில்லை.

இன்னொன்றும் உண்டு. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை. திருமுருகாற்றுப்படையை விட்டுவிட்டால், மற்ற நான்கும் வறுமையில் கிளம்பிப் போய்ப் பரிசில் பெற்றுத் திரும்புகிறவர், எதிரே வருகிற இன்னொரு வறியவருக்கு வழி சொல்வதாக அமைந்தவை. வள்ளலின் புகழ் பாடுவதே அவற்றின் நோக்கம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பேசுகிறவர் பசித்தவர். அவருக்குப் பயணமும் பிழைப்பும் ஒன்றே. மச்சான் போய் மைத்துனனுக்கு விசா எடுத்து, அவன் பக்கத்து வீட்டுப் பையனை அழைத்துக்கொண்ட வளைகுடாக் கதை இந்த மரபின் தொடர்ச்சி என்று வாசிக்க இடமிருக்கிறது. பாணன் காட்டிய பொற்றாமரையின் இடத்தில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, சென்ட் பாட்டில், கப்பல் முன்னால் எடுத்த போட்டோ.

ஒரு குறை மட்டும் உண்டு. மலைபடுகடாம் போகிற வழியின் பள்ளங்களையும் பாம்புகளையும் வழுக்குப் பாறைகளையும் எச்சரித்துச் சொன்னது. அட்டைப்பெட்டி சொல்வதில்லை. ஏஜென்டுக்குக் கொடுத்தது எவ்வளவு, எத்தனை வட்டி, எத்தனை மாதச் சம்பளம் பாக்கி, எந்த வெயிலில் யார் விழுந்தார் என்பதெல்லாம் பெட்டிக்குள் வருவதில்லை. இவற்றைச் சேர்த்துச் சொல்கிற ஆற்றுப்படையை எழுத வேண்டியவர் போய்வந்தவர்கள். எழுத்தாளர்களும் செயல்பாட்டாளர்களும் செய்யக்கூடியது, அவர்கள் பேசுவதைக் கேட்டுப் பதிவு செய்வதும், அதைப் 'பயண இலக்கியம்' என்ற பெயரிலேயே அச்சிடுவதும். வேறு பெயர் கொடுத்து ஓரத்தில் ஒதுக்காமலிருந்தால் போதும்.