பாதையை விட்டு இறங்காதே: ஒரு விதியின் நியாயமும் குறையும்

புதுச்சேரியில் மலை கிடையாது. கோரிமேட்டுச் செம்மண் மேட்டைத் தாண்டி உயரம் என்று காட்ட எங்களிடம் எதுவுமில்லை. அதனாலோ என்னவோ, சாரம் பகுதி இளைஞர்களுக்கு மலை மேல் அப்படி ஒரு ஆசை. சனிக்கிழமை வேலை முடிந்ததும் முதுகுப் பையும் டார்ச் லைட்டுமாகக் காமராஜ் சாலையிலிருந்து பைக்குகள் கிளம்பும். பக்கத்தில் செஞ்சி, பர்வதமலை. இரண்டு நாள் லீவு கிடைத்தால் ஜவ்வாது, கல்வராயன். இன்னும் துணிந்தால் வெள்ளியங்கிரி. எல்லாமே அடுத்த மாநிலத்து மலைகள். அங்கே எது தடை, எது அனுமதி என்பது பெரும்பாலும் அடிவாரத்துச் செக்போஸ்டில் போய் நின்ற பிறகுதான் தெரியவருகிறது.

அனுமதி வாங்கிக்கொண்டு, குறித்த பாதையில், வழிகாட்டியோடு மட்டும் நட. பாதை வகுக்காத உச்சிக்குப் போகாதே. தமிழ்நாட்டு வனத்துறையின் விதி சுருக்கமாக இவ்வளவுதான். காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படியே குற்றம். சரணாலயம் என்றால் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இந்தத் தடை தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை யாருக்கு, எப்போது, எப்படிச் செயல்படுத்துகிறார்கள் என்பதில்தான் கேள்வி.

தேவை ஏன் என்பதற்குக் குரங்கணி போதும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில் குரங்கணிக்கும் கொழுக்குமலைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் காட்டுத் தீ பரவியது. சென்னையிலிருந்து வந்த குழுவும் ஈரோடு, திருப்பூர் பக்கத்துக் குழுவும் அதில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயதினர். மார்ச் மாதத்தில் அந்தச் சரிவுகளில் ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும். சமதளத்தில் எரியும் தீக்கும் சரிவில் எரியும் தீக்கும் பெரிய வேறுபாடு உண்டு. சரிவில் கீழே எரியும் நெருப்பின் அனல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. பகலில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கித்தான் வீசும். ஆகவே மேல்நோக்கி ஓடுகிற மனிதரைத் தீ எளிதில் முந்திவிடும். புகையில் வழி தெரியாமல் பள்ளத்துக்குள் இறங்கினால், அந்தப் பள்ளமே புகைபோக்கியாகி அனலை மேலே இழுக்கும். எந்தப் பக்கம் பாறை, எந்தப் பக்கம் ஏற்கெனவே எரிந்து முடிந்த கரும்புல் என்று அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருப்பதன் மதிப்பு அந்தச் சில நிமிடங்களில் தெரியும்.

அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடத்தியது. அதே ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. பாதைகள் எளியது, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்யலாம். மலைக் கிராமத்து, பழங்குடி இளைஞர்களே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். இத்திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் நடந்தவர்களின் அறிவுக்கு இப்போதாவது ஒரு ஊதியம் கிடைக்கிறது.

உயிர்ப் பாதுகாப்பு ஒரு பக்கம் என்றால், மலையின் பாதுகாப்பு இன்னொரு பக்கம். மலைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதை நடப்பவர்கள் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஒரு ஆள் புல்லில் கால் வைத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறார்கள். ஒரு ஆளால் ஒன்றும் ஆகாதுதான். வளைந்து போகும் பாதையில் ஒருவர் சலித்துப்போய் நேராகக் குறுக்கே ஏறுகிறார். மடங்கிய புல்லைப் பார்த்து அடுத்தவரும் அதிலேயே ஏறுகிறார். அந்த சீசன் முடிவதற்குள் அங்கே ஒரு சாண் அகலத்துக்குச் செம்மண் தெரிகிறது. அடுத்த மழைக்கு, வளைவுகளில் நின்று நிதானமாக இறங்க வேண்டிய தண்ணீர் இந்த நேர்வழியில் பாய்ந்து மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது. மறுவருடம் அது முழங்கால் ஆழ ஓடை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளியில் மண் மெல்லிய போர்வைதான். ஒருமுறை கிழிந்தால் புல் திரும்பப் பிடிக்க நெடுங்காலமாகும். தாமிரபரணியும் பவானியும் வற்றாமல் ஓட, அந்தப் புல்லும் சோலைக்காடும் தேக்கி வைக்கும் நீர் வேண்டும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டுக்கு வீடும் அதுதான். வரையாடு குட்டி போடும் பருவத்துக்காகக் கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பிப்ரவரி, மார்ச்சில் பார்வையாளர்களுக்கு மூடிவிடுகிறார்கள். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி, தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம், அந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. நினைத்த நேரத்தில் அதில் ஏற முடியாது. அது அப்படியே இருக்கட்டும்.

இனி குறைகள். விதி ஆளுக்கு ஆள் மாறுவதுதான் முதற்குறை.

ட்ரெக் தமிழ்நாடு பாதைகள் தீப் பருவம் என்று பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடப்படுகின்றன. குரங்கணிக்குப் பிறகு இதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கோவை வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏற அனுமதிக்கும் காலம் பிப்ரவரி முதல் மே வரை! பத்துப் பேர் கொண்ட குழு, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போனால் ஆபத்து. மகா சிவராத்திரிக்கு ஆயிரம் ஆயிரமாக இரவு முழுக்க ஏறினால் ஆபத்தில்லையா? மழைக்காலத்தில் அங்கே ஏற முடியாது, யானை நடமாட்டமும் உண்டு என்பதெல்லாம் உண்மை. பக்தியைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே காட்டின் காய்ந்த புல்லுக்குப் பக்தர் யார், ட்ரெக்கர் யார் என்று தெரியாது. 2024 சீசனில் வெள்ளியங்கிரியில் மூச்சுத்திணறியும் மயங்கி விழுந்தும் பலர் இறந்தார்கள். அதற்குப் பின்னும் அங்கே ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்ற வரம்பைப் பற்றிப் பேசவே தயங்குகிறோம்.

அதே வெள்ளியங்கிரியில் நன்றாக நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். பூண்டி அடிவாரத்தில் வனத்துறையினர் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்க்கிறார்கள். பிஸ்கட்டையும் மிக்சரையும் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காகிதத்தில் கட்டித் தருகிறார்கள். தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு, பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தால் பணத்தைத் தருகிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. காரணம் கண்ணுக்குத் தெரிகிற விதியை மக்கள் ஏற்கிறார்கள். காரணம் சொல்லாமல் ‘அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்’ என்று மட்டும் எழுதிய பலகையை மீறுகிறார்கள்.

இரண்டாவது குறை உச்சிகளைப் பற்றியது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் 2,637 மீட்டர் உயரத்துக்குக் கார் போகிறது. மேலே தொலைநோக்கி இல்லம் இருக்கிறது, கடைகள் இருக்கின்றன. எஞ்சினுக்குத் திறந்த உச்சி ஒன்று, காலுக்கு மூடிய உச்சிகள் பல என்பது எந்தக் கணக்கில் சேரும்? சில சிகரங்களுக்காவது, நிதானமான எண்ணிக்கையில், முறையான பாதை வகுத்துத் தரலாம். பொதிகையின் உச்சியான அகத்தியர்கூடத்துக்குக் கேரள வனத்துறை போனக்காடு வழியாக ஆண்டின் தொடக்கத்தில் மட்டும், நாளுக்கு இத்தனை பேர் என்ற வரம்போடு அனுமதி தருகிறது. 2018இல் கேரள உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு பெண்களும் போகிறார்கள். 1,868 மீட்டர் உச்சி, குறைந்த நாட்கள், குறைந்த ஆட்கள். வழி இருக்கிறது என்பதாலேயே திருட்டுத்தனமாக ஏறும் ஆசை குறைகிறது. வழியே இல்லாத இடத்தில் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஜிபிஎஸ் தடத்தை நம்பி, செக்போஸ்டைத் தவிர்க்க நள்ளிரவில் ஏறுகிறார்கள். அவர்கள் தொலைந்தால் தேடப் போகிறவர் வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்தான், குறைந்த கூலிக்கு.

ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு நடந்தால் பெரும்பாலும் எங்கும் நடக்கலாம் என்ற உரிமையைத் தந்திருக்கிறது. அதைக் காட்டி இங்கும் கேட்பவர்கள் உண்டு. யானையும் கரடியும் இல்லாத, மக்கள் நெருக்கம் குறைந்த நாட்டின் சட்டம் அது. அதை அப்படியே இங்கே நடுவது தவறு.

கட்டணமும் ஒரு தடை. வழிகாட்டி, உணவு, காப்பீடு எல்லாம் சேர்த்துக் கடினமான பாதைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. சாரத்தில் மெக்கானிக் கடையில் வேலை செய்யும் பையனுக்கு அது பல நாள் சம்பளம். உழைக்கும் இளைஞருக்கும் மாணவருக்கும் தனிக் கட்டணம் வேண்டும்; இல்லாவிட்டால் விதியை மதிப்பது வசதியுள்ளவர்களின் வழக்கமாகிவிடும்.

கடைசியாக, விதி சரியாகச் செயல்பட்டதற்கு ஓர் உதாரணம்: திருவண்ணாமலை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையில் எங்கள் தெருக்கள் மூழ்கின. மறுநாள் மாலை அதே மழை அண்ணாமலையார் மலைச்சரிவை இடித்து வ.உ.சி. நகரில் வீட்டைப் புதைத்தது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். நிலவியல் வல்லுநர்கள் பார்வையிட்ட பின், அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்குக் கொப்பரையும் நெய்யும் கொண்டுசெல்ல வேண்டியவர்களைத் தவிரப் பக்தர்கள் யாரும் மலையேறக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். பக்தரென்றும் ட்ரெக்கரென்றும் பாராமல், காரணத்தை ஊரறியச் சொல்லி, மலையின் நிலையை மட்டும் பார்த்து எடுத்த முடிவு அது. மக்களும் கீழே நின்றே தீபம் பார்த்தார்கள். வெள்ளியங்கிரிக்கும் பர்வதமலைக்கும் ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் இப்படி ஒரு ஆய்வு நடத்தி, எத்தனை பேர், எந்த மாதம், எந்தப் பாதை என்று அறிவிக்க வனத்துறையையும் அறநிலையத் துறையையும் தடுப்பது எது?